நெடுந்தொலைவுப் போட்டிக்கு முந்தைய வாரத்தில் ஸ்கூபா: எத்தனை நாள் இடைவெளி போதும்?

அலைவழி:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு என் முதல் முழு அயர்ன்மேன் தொலைவுப் போட்டி தொடங்குகிறது: 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம். நீர்நிலைக்கும் வெயிலுக்கும் உடலைப் பழக்கிக்கொள்ள ஆறு நாள் முன்னதாகவே குடும்பத்தோடு போகிறோம். என் கணவரும் நாத்தனாரும் ஸ்கூபாவில், அதாவது காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் மூழ்குவதில், நல்ல அனுபவம் உள்ளவர்கள். நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சான்றிதழ் பெற்று இதுவரை 14 டைவ் மட்டுமே செய்திருக்கிறேன். புதன், வியாழன் இரண்டு நாளும் காலையில் இரண்டிரண்டு டைவ், அதிக அளவு 18 மீட்டர் ஆழம் என்று அவர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள்.

வியாழன் நண்பகலில் கடைசியாக மேலே வந்தால் போட்டிக்கு 66 மணி நேரம் இருக்கும். அதற்குள் உடலில் தேங்கிய நைட்ரஜன் முழுவதும் வெளியேறிவிடுமா? மீதமிருந்தால் அது போட்டியன்று என்னைப் பாதிக்குமா? 24 மணி நேரம் போதும் என்று சிலரும், அந்த வாரம் முழுக்கக் கடலுக்கடியில் போகவே கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள். காரணத்தோடு விளக்கக்கூடியவர்கள் எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

கடலடி ஆசிரியர்:

நைட்ரஜனைப் பற்றி மட்டும் கேட்டால், 66 மணி நேரம் தாராளமாகப் போதும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. அந்த அழுத்தத்திற்கேற்ப நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து, அங்கிருந்து மூளை, தசை, கொழுப்பு, மூட்டு எனத் திசுக்களுக்குள் போகிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாகச் சத்தமின்றி வெளியேறிவிடும்; விரைந்து வந்தால் குமிழிகளாகப் பிரியும். அந்தக் குமிழிகள் தரும் நோயைத்தான் நாம் பெண்ட்ஸ் என்கிறோம். எல்லாத் திசுவும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதோ விடுவதோ இல்லை என்பதைக் கணக்கில் கொண்டு, 1908இல் பிரித்தானிய உடலியல் அறிஞர் ஹால்டேன் ஐந்து வகைத் திசுக்களை வைத்து, பாதுகாப்பாக மேலே வருவதற்கான முதல் அட்டவணையை வகுத்தார். அவர் எடுத்துக்கொண்ட அரைவாழ்வுக் காலங்கள் (ஒரு திசு பாதி நிரம்பவோ பாதி காலியாகவோ ஆகும் நேரம்) 5 நிமிடம் முதல் 75 நிமிடம் வரை. இன்று டைவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் பல டைவ் கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் பூல்மான் முறையில் 16 பிரிவுகள் உள்ளன. அவற்றில் மிக மெதுவானதன் அரைவாழ்வுக் காலம் 635 நிமிடம்.

பெண்ட்ஸ் அறிகுறிகள் பெரும்பாலோருக்கு மேலே வந்த சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். 24 மணி நேரத்திற்குப் பிறகு முதன்முறையாகத் தோன்றுவது அரிது. விமானத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதற்கென உள்ள பரிந்துரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தநீக்க நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாத ஒரே டைவுக்குப் பின் 12 மணி நேரமும், பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரமும் காத்திருந்தால் பறக்கலாம் என்கிறார்கள். நீங்கள் பறக்கப் போவதில்லை. கடல் மட்டத்தில் ஓடப் போகிறீர்கள்.

ஆனால் கேள்வியை நைட்ரஜனோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். மற்றவர்களும் எழுதட்டும்.

கணக்கர்:

ஆசிரியர் சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன். நீராவியின் பங்கை விட்டுவிட்டு எளிமையாகக் கணக்கிட்டால், 18 மீட்டரில் நைட்ரஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, சுமார் 2.21 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), மேற்பரப்பில் 0.79. இடைவெளி 1.42 பார். ஒருவர் 45 நிமிடம் அங்கேயே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரைவாழ்வு 635 நிமிடமாக உள்ள மிக மெதுவான பிரிவு, அந்த 45 நிமிடத்தில் இடைவெளியின் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நிரம்பும். அதாவது ஏறத்தாழ 0.07 பார். ஒரு நாள் கழிந்ததும் அதில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும், இரண்டு நாள் கழிந்ததும் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகமான பிரிவுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். அரைவாழ்வு 75 நிமிடம் என்றால், ஆறு அரைவாழ்வுகளில், அதாவது ஏழரை மணி நேரத்தில், 98 விழுக்காட்டுக்கு மேல் வெளியேறிவிடும்.

நான்கு டைவ்களுக்கும் சேர்த்துக் கூட்டினாலும் ஞாயிறு காலை மிஞ்சுவது பொருட்படுத்தத் தக்க அளவல்ல. எனவே நைட்ரஜனால் கால் வலு குறையும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை என்பது என் கருத்து. திட்டமிட்டபடி போய் வாருங்கள்.

நெடுந்தொலைவன்:

கணக்கர் ஐயாவின் எண்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "திட்டமிட்டபடி போய் வாருங்கள்" என்ற கடைசி வரியோடு உடன்பட முடியவில்லை. இதே தொலைவுள்ள போட்டி ஒன்றுக்கு முன், வியாழனும் வெள்ளியும் டைவ் செய்தவன் நான். என் கம்ப்யூட்டர் சனிக்கிழமை மாலையிலேயே நைட்ரஜன் முழுவதும் நீங்கிவிட்டதாகக் காட்டியது. எனக்கு நேர்ந்தவற்றில் ஒன்றுகூட நைட்ரஜனால் வந்ததல்ல.

வெள்ளிக்கிழமை இரண்டாவது டைவில் இறங்கும்போது வலது காது சரியாகத் திறக்கவில்லை, அதாவது உள்ளழுத்தம் வெளியழுத்தத்தோடு சமமாகவில்லை. குழுவின் மற்றவர்கள் கீழே போய்விட்டார்கள், வழிகாட்டி கையசைத்து அழைத்தார், நானும் மூக்கைப் பிடித்து வலிந்து ஊதி இறங்கிவிட்டேன். மேலே வந்தபோது வலி இல்லை. காதுக்குள் நீர் தங்கியதைப்போல ஓர் அடைப்பு மட்டும். அது இரவோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஞாயிறு நீச்சலில் ஒவ்வொரு முறை வலப்பக்கம் தலை திரும்பியபோதும் உலகம் சற்றுச் சாய்ந்ததைப்போல இருந்தது. இலக்கு மிதவையை நோக்கி நேராக நீந்த முடியவில்லை. கரையேறியதும் நிற்க முடியாமல் மிதிவண்டி நிறுத்துமிடத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயிற்சியில் செலவிட்டதைவிடக் கூடுதலாக 19 நிமிடம் நீரிலேயே போய்விட்டது.

அடுத்தது குதிகால். படகில் வாடகைக்குக் கொடுத்த ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) என் அளவுக்குச் சற்றுப் பெரியது. இரண்டு நாளில் ஒரு காசளவு கொப்புளம் எழுந்தது. நடக்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. ஓட்டத்தில் 11ஆவது கிலோமீட்டரில் உடைந்தது. மீதி 31 கிலோமீட்டரைக் காலைத் திருப்பி வைத்து நடந்தும் ஓடியும் முடித்தேன், அதனால் இடுப்புவரை வலி பரவியது.

ஓராண்டு முழுவதும் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்து சேர்த்ததை, எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு காரியத்தின் பொருட்டு இரண்டு நாளில் செலவழித்துவிட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. தோழி, உங்கள் முதல் போட்டி இது. இடைவெளியை மணிக்கணக்கில் எண்ணாதீர்கள். காது ஆறுவதற்கு அட்டவணை இல்லை.

அலைவழி:

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. நெடுந்தொலைவன் அண்ணா, உங்கள் அனுபவத்தைப் படித்தபோது எனக்கே காது அடைத்ததைப்போல இருந்தது. ஏனெனில் என் இடது காதும் எளிதில் திறப்பதில்லை. டைவுக்கு முன் மூக்கடைப்பு மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வேன். அலைமயக்கத்துக்குக் காதின் பின்புறம் மருந்துப் பட்டையும் ஒட்டிக்கொள்வேன். இவற்றால் போட்டியில் ஏதேனும் சிக்கல் உண்டா? மருத்துவம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நெய்தல் மருத்துவர்:

கடலடி மருத்துவத்திலும் நெடுந்தொலைவுப் போட்டிகளின் மருத்துவக் கூடாரத்திலும் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் எவருக்கும் மருந்து சொல்ல இயலாது. பொதுவான விளக்கமாகவே இதைக் கொள்ளுங்கள்.

முதலில் மருந்துகள். மூக்கடைப்பு மாத்திரைகள் பலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் இது போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள்: சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் அது விதிமீறல். போட்டிக்கு 24 மணி நேரம் முன்பாவது நிறுத்திவிட வேண்டும் என்பது முகமையின் அறிவுரை. வியாழனோடு நிறுத்தினால் அந்தச் சிக்கல் எழாது. ஆனால் அடைப்பு மீண்டும் வந்து சனிக்கிழமை ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளும் ஆசை வரும். அங்கேதான் கவனம் வேண்டும். தவிர, அந்த மாத்திரையின் வீரியம் ஆழத்தில் இருக்கும்போதே தணிந்துவிட்டால், மேலே வரும்போது நடுச்செவியில் விரிந்த காற்று வெளியேற வழியின்றி வலியும் தலைச்சுற்றலும் தரும்.

காதின் பின்புறம் ஒட்டும் பட்டையில் பெரும்பாலும் இருப்பது ஸ்கோபோலமைன். அது வாயை உலர்த்தும், பார்வையை மங்கச் செய்யும், எல்லாவற்றுக்கும் மேலாக வியர்வையைக் குறைக்கும். வியர்வைதான் நம் உடலின் குளிரூட்டி. வெப்பமான நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கப் போகிறவர் அதை ஒட்டிக்கொண்டு போட்டிக்கு வரவே கூடாது. ஒரு பட்டை மூன்று நாள் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். வியாழன் காலை ஒட்டியதை மறந்துவிட்டால் ஞாயிறு வரை அது உங்களோடு வரும்.

இனிக் காது. டைவர்களுக்கு வரும் காயங்களில் மிகவும் சாதாரணமானது நடுச்செவி அழுத்தக் காயம். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரு மடங்காகிறது. அதற்குக் கீழே எவ்வளவு போனாலும் மாற்றத்தின் விகிதம் குறைவு. ஆகவே "ஆழம் குறைவான டைவ், காதுக்குப் பாதிப்பு இருக்காது" என்பது சரியல்ல; காதைப் பொறுத்தவரை கடினமான பகுதியே முதல் சில மீட்டர்கள்தான். அடைப்பு மட்டும் என்றால் சில நாளில் தீரும். நடுச்செவியில் நீரோ இரத்தமோ தேங்கினால் வாரக்கணக்கில் ஆகும். செவிப்பறை கிழிந்திருந்தால் நீந்தவே கூடாது: குளிர்ந்த நீர் உள்ளே நுழைந்தவுடன் சமநிலை உறுப்பு தூண்டப்பட்டு, எது மேல் எது கீழ் என்றே தெரியாத அளவுக்குத் தலை சுற்றும். கடலில் நூற்றுக்கணக்கானோர் நடுவே அது உயிருக்கே ஆபத்து. திரு. நெடுந்தொலைவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எழுதியிருக்கிறார். நீரிலேயே அவருக்கு அது முற்றாமல் போனதற்கு நான் மகிழ்கிறேன்.

அடுத்து நீர்ச்சத்து. உடல் நீரில் மூழ்கும்போது கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தத்தில் ஒரு பகுதி மார்புக்கு நகர்கிறது. நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணி உடல் சிறுநீரைப் பெருக்குகிறது. உடலை ஒட்டிய வெட்சூட் நீச்சலுடைக்குள் சிறுநீர் முட்டுவதற்குக் காரணம் இதுதான். சிலிண்டர் காற்றும் முற்றிலும் உலர்ந்தது. ஒவ்வொரு மூச்சிலும் உடல் அதற்கு ஈரம் கொடுக்கிறது. படகில் வெயில், சிலருக்கு வாந்தி, பசியின்மை. இரண்டு நாளில் நான்கு டைவ் என்றால், தசையில் சேரும் மாச்சத்தான கிளைக்கோஜனையும் நீரையும் சேமிக்க வேண்டிய நாள்களில் இரண்டையும் இழக்கிறீர்கள். மூன்று நாள் ஒழுங்காக உண்டு, குடித்து, உறங்கினால் இதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஈடுகட்டுகிறேன் என்று அளவின்றி வெறும் நீரைக் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்தவர்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது.

அளவுக்கு மீறிக் குடிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. டைவர்களும் டிரையத்லான் நீச்சல்காரர்களும் பொதுவாக அறிந்திராதது. குளிர்ந்த நீர், இறுக்கமான வெட்சூட், கடும் உழைப்பு, மிகை நீர்ச்சத்து ஆகியவை சேரும்போது, நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். 1989இல் டைவர்களிடம் விவரிக்கப்பட்ட இந்நிலை நீச்சல் போட்டிகளிலும் அவ்வப்போது உயிரைப் பறிக்கிறது. டைவின்போது இருமலோ, மூச்சுத் திணறலோ, இளஞ்சிவப்பு நுரையோ வந்திருந்தால், "சிலிண்டரில் ஏதோ கோளாறு" என்று விட்டுவிட வேண்டாம். பரிசோதனை செய்துகொள்ளாமல் ஞாயிறு நீச்சலில் இறங்கக் கூடாது.

இருவழிப்பயணி:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் பதிவுசெய்வது நேர்மை. நான் இதுவரை மூன்று நீண்ட போட்டிகளுக்கு முந்தைய வாரத்தில் டைவ் செய்திருக்கிறேன். மூன்றிலும் எந்தத் தீங்கும் நேரவில்லை. ஆனால் என் முறை வேறு. போட்டிக்குக் குறைந்தது ஐந்து நாள் முன், ஒரே ஒரு டைவ், 10 முதல் 12 மீட்டர் வரை, நீரோட்டம் இல்லாத இடம், என் சொந்த ஃபின், என் சொந்த முகமூடி. பயிற்சியைக் குறைக்கும் அந்த வாரத்தில் கால்கள் ஓடத் துடிக்கும், மனம் தேவையற்றதையெல்லாம் எண்ணிக் கலங்கும். நீருக்கடியில் 40 நிமிடம் என் மூச்சின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு மிதந்தது, வேறு எதுவும் தராத அமைதியைத் தந்தது. முந்நூறு டைவுக்கு மேல் செய்தவன், காது ஒருமுறைகூட மறுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 14 டைவ் செய்தவருக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

கணக்கர்:

நெடுந்தொலைவன் அவர்களின் பதிவைப் படித்தபின் என் கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நைட்ரஜனுக்கு விடை கண்டதையே முழு விடை என்று எண்ணிவிட்டேன்.

மருத்துவரிடம் ஒரு கேள்வி. 2001இல் நார்வேயில் விஸ்லோஃப், புருபாக் ஆகியோர் எலிகளிடம் நடத்திய ஆய்வில், அழுத்த அறையில் இறக்குவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன் ஓடவிடப்பட்ட எலிகளுக்குக் குமிழிகள் குறைவாக உருவாயின; 2004இல் மனிதர்களிடமும் அதையொத்த முடிவு வெளிவந்தது. அப்படியென்றால் நன்கு பயிற்சி பெற்ற நெடுந்தொலைவு வீரர்கள் டைவ் செய்வது மற்றவர்களைவிடப் பாதுகாப்பானது என்று கொள்ளலாமா?

நெய்தல் மருத்துவர்:

நல்ல கேள்வி. டைவுக்கு ஒரு நாள் முன்னதாகச் செய்த உடற்பயிற்சி குமிழிகளைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. இரத்தக்குழாயின் உட்சுவரில் நிகழும் மாற்றமே காரணம் என்று கருதப்படுகிறது. உடல்திறன் மிக்கவர்களிடமும் கொழுப்புக் குறைந்தவர்களிடமும் குமிழிகள் பொதுவாகக் குறைவே. ஆனால் அந்த ஆய்வுகளில் பயிற்சி முன்னும் டைவ் பின்னும் நடந்தன. வரிசையை மாற்றினால் விடையும் மாறிவிடுகிறது.

அறிகுறியே இல்லாத டைவுக்குப் பின்னும் பலரது சிரை இரத்தத்தில் சிறு குமிழிகள் இருப்பதை மீயொலிக் கருவியால் கேட்கவோ காணவோ முடியும். பொதுவாக அவை மேலே வந்த முதல் இரண்டு மணி நேரத்திற்குள் உச்சத்தை எட்டிப் பின் குறைகின்றன. நுரையீரலின் நுண்குழாய்கள் அவற்றை வடிகட்டிவிடும். கடுமையாக உழைக்கும்போது நுரையீரலில் அந்த வடிகட்டியைச் சுற்றிச் செல்லும் குறுக்குவழிகள் திறந்துகொள்கின்றன. அவற்றின் வழியே குமிழி தமனிக்குள் போய்விட்டால் மூளையையும் தண்டுவடத்தையும் அடையலாம். நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கிடையே பிறப்புக்குப் பின் மூட வேண்டிய துளை முழுவதும் மூடாமல் இருக்கிறது. கனமான பொருளை மூச்சடக்கித் தூக்கும்போது அந்த வழியும் திறக்கலாம்.

ஆகவே எனக்குக் கவலை தருவது ஞாயிறு போட்டியல்ல, வியாழன் மாலை. காலையில் இரண்டு டைவ் முடித்துவிட்டு, "அட்டவணையில் இருக்கிறது" என்று மாலையில் வேக ஓட்டமோ மிதிவண்டியில் மேடேறும் பயிற்சியோ செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. டைவ் செய்த நாள் ஓய்வு நாளாகட்டும். கடும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் இடைவெளி என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. சிலிண்டரைப் படகில் தூக்கி ஏற்றும் வேலையையும் வேறொருவர் செய்யட்டும்.

மலையோட்டம்:

ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். நான் ஓடும் போட்டிகள் மலைப்பாதையில் நடப்பவை. கடற்கரையில் டைவ் செய்துவிட்டு அன்றே மலையேறிப் போட்டி இடத்துக்குப் போகும் நண்பர்கள் உண்டு. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கும் குறைவு. உடல் அதை விமானப் பயணமாகவே உணரும். காரில்தானே போகிறோம் என்று எண்ணக் கூடாது.

கடலடி ஆசிரியர்:

மலையோட்டம் சொன்னது மிகச் சரி. விமானத்துக்கான 12, 18 மணி நேரக் கணக்கையே மலைப்பாதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தநீக்க நிறுத்தத்தோடு முடிந்த டைவ் என்றால் 18 மணி நேரத்தைவிடக் கணிசமாகக் கூடுதல் வேண்டும்.

அலைவழி அவர்களே, நீங்கள் என் மாணவியாக இருந்தால் இந்தத் திட்டத்தில் புதன், வியாழன் இரண்டையும் நீக்கச் சொல்லியிருப்பேன். போயே ஆக வேண்டும் என்றால் நீங்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே, ஒரே ஒரு டைவ், 12 மீட்டருக்குள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) சான்றிதழ் இருந்தால் 32 விழுக்காடு ஆக்சிஜன் கலவையைக் கேளுங்கள். 18 மீட்டரில் அதைச் சுவாசித்தால் உடலில் ஏறும் நைட்ரஜன், காற்றோடு 14 மீட்டரில் இருந்ததற்குச் சமம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். நீரோட்டத்தை எதிர்த்து ஃபின் அடிக்க வேண்டிய இடத்துக்குப் போகவே வேண்டாம். கெண்டைக்கால் அங்கே பிடித்துக்கொண்டால் ஓட்டத்தில் நினைவூட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: காது திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள், இரண்டாம் முறையும் மறுத்தால் கட்டைவிரலை உயர்த்தி "மேலே போகிறேன்" என்று காட்டிவிட்டு டைவை முடித்துக்கொள்ளுங்கள். குழு காத்திருக்கிறதே என்ற கூச்சம்தான் நான் பார்த்த காதுக் காயங்களில் பாதிக்குக் காரணம். திரு. நெடுந்தொலைவனைக் கையசைத்து அழைத்த அந்த வழிகாட்டி, தானே மேலே வந்து அவரைப் பார்த்திருக்க வேண்டும். ஓர் ஆசிரியனாக எனக்கு அது வேதனை தருகிறது.

அலைவழி:

இரண்டு நாள் யோசித்து, வீட்டிலும் பேசி முடிவெடுத்துவிட்டேன். போட்டிக்கு முன் நான் டைவ் செய்யப் போவதில்லை. நைட்ரஜன் கணக்கு எனக்குச் சாதகமாக இருந்தும், என் இடது காதை நம்ப முடியாது என்பதே காரணம். மருந்து போட்டால்தான் திறக்கும் காதோடு அந்த வாரத்தில் இறங்குவது, எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பொய்யாகப் பட்டது. கணவரும் நாத்தனாரும் போகட்டும். நான் கரையோரம் போட்டித் தடத்திலேயே நீந்துகிறேன்.

எங்கள் திரும்பும் விமானம் போட்டிக்கு அடுத்த ஞாயிறு. போட்டி முடிந்தபின் எத்தனை நாள் கழித்து நான் டைவ் செய்யலாம்?

நெய்தல் மருத்துவர்:

நல்ல முடிவு. பிந்தைய கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, மறுநாளே படகேறிவிடுகிறார்கள்.

நெடுந்தொலைவுப் போட்டிக்குப் பின் உடலில் நீர் குறைந்திருக்கும், தசை இழைகள் நுண்ணளவில் கிழிந்திருக்கும், உறக்கம் போதாது. இவை பெண்ட்ஸ் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. அதைவிடப் பெரிய தொல்லை, வந்தாலும் அடையாளம் காண முடியாமல் போவது. தோளிலும் முழங்காலிலும் வலி, கைகால் மரத்தல், அளவு மீறிய களைப்பு: பெண்ட்ஸின் அறிகுறிகளும் இவை, அயர்ன்மேன் முடித்தவரின் திங்கட்கிழமையும் இது. வலிமாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். உண்மையில் அவர்களுக்குத் தேவைப்படுவது உடனடியாக நூறு விழுக்காடு ஆக்சிஜனும், பிறகு உயரழுத்த அறையும். 2.8 வளிமண்டல அழுத்தத்தில் தொடங்கும் வழக்கமான சிகிச்சை முறையே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும்.

நாள் எண்ணிக்கையைவிட உடல் சொல்வதைக் கேளுங்கள். படிக்கட்டில் வலியின்றி இறங்க முடிகிறதா, சிறுநீர் வெளிர் நிறத்துக்குத் திரும்பியதா, எடை பழைய நிலைக்கு வந்ததா, இரண்டு இரவு நன்றாக உறங்கினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு இதற்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகிறது. சிறுநீர் கருப்புத் தேநீர் நிறத்தில் போனால் டைவைப் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்; தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். நீச்சலின்போது மூச்சுத் திணறல் இருந்திருந்தால் இந்தப் பயணத்தில் டைவ் வேண்டாம். விமானத்துக்கு முந்தைய முழு நாள் கரையிலேயே இருங்கள்.

அலைவழி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 13 மணி 42 நிமிடத்தில் முடித்தேன். நீச்சலில் இரு காதும் தெளிவாக இருந்தன. மிதவைகளுக்கிடையே நேர்கோட்டில் போனதாகக் கணவர் கரையிலிருந்து பார்த்துச் சொன்னார்.

நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். புதன்கிழமை டைவில் நாத்தனாருக்குத்தான் காது அடைத்தது. நூறு டைவுக்கு மேல் செய்தவர், இதற்குமுன் ஒருமுறையும் வராதது. நல்லவேளையாக ஆசிரியர் எழுதியதைப் படித்துக் காட்டியிருந்தேன்; இரண்டாம் முறை திறக்காதவுடன் 4 மீட்டரிலிருந்து மேலே வந்துவிட்டார். அப்படியும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதாக மருத்துவர் சொல்லி, நீரில் இறங்கவே கூடாது என்றார். வியாழன் டைவ் போயிற்று.

போட்டி முடிந்த ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, நான் 12 மீட்டருக்கு ஒரு டைவ் போனேன். மாத்திரையும் பட்டையும் இல்லாமல். இடது காதுக்காக நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல் 5 மீட்டருக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன். கணவர் பக்கத்திலேயே காத்திருந்தார். நாத்தனார் படகில் உட்கார்ந்து எங்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். அவர் காது நேற்றுத்தான் முழுவதும் திறந்தது.